சீரியல் சாதனத்துக்கு லினக்ஸ் கெர்னல் டிரைவர் எழுதும் முறை

சீரியல் வழியே, அதாவது ஒரு தடத்தில் பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பி, இணையும் சாதனத்துக்குக் கெர்னல் டிரைவர் (இயங்குதளத்தின் மையப்பகுதிக்குள் இருந்து சாதனத்தை இயக்கும் நிரல்) எழுதத்தான் வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். சென்சார் தரும் எண்களைப் படித்துக் கோப்பில் சேமிப்பது மட்டுமே தேவை என்றால், சீரியல் போர்ட்டைக் குறிக்கும் டிடிஒய் கோப்பைத் திறந்து படிக்கும் சாதாரண நிரலே போதும். அதில் பிழை நேர்ந்தால் அந்த நிரல் மட்டுமே விழும், கணினி நிற்காது. புளூடூத் சிப்பைப் போலக் கெர்னலின் ஒரு துணை அமைப்போடு சேர வேண்டிய சாதனம் என்றாலோ, அதன் மின்வழங்கலையும் ரீசெட் பின்னையும் கெர்னலே கையாள வேண்டும் என்றாலோ உள்ளே இறங்குவதில் பொருளுண்டு.

முன்பெல்லாம் இதற்கு லைன் டிசிப்ளின், அதாவது டிடிஒய் வழியே வரும் பைட்டுகளைக் கையாளும் கெர்னல் அடுக்கு, எழுத வேண்டியிருந்தது. அதைப் போர்ட்டில் பொருத்தி, போர்ட்டைத் திறந்தபடியே வைத்திருக்க கெர்னலுக்கு வெளியே, யூசர்ஸ்பேஸில், ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 2017இல் வெளியான 4.11 பதிப்பில் ராப் ஹெரிங் எழுதிய செர்டெவ் (சீரியல் சாதனங்களுக்கான கெர்னல் பஸ்) சேர்ந்த பிறகு, போர்டிலேயே நிலையாக இணைந்திருக்கும் சாதனங்களுக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. யுஎஸ்பி-சீரியல் அடாப்டரில் தொங்கும் சாதனத்துக்கு மட்டும் செர்டெவ் உதவாது.

யுஎஸ்பி, பிசிஐ சாதனங்களைப் போலச் சீரியல் சாதனம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளாது. ஆகவே, போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில், சீரியல் போர்ட்டை இயக்கும் வன்பொருளான யுஏஆர்டியின் முனையின்கீழ்ச் சாதனத்துக்கு ஒரு சேய் முனை எழுதி, அதன் கம்பாட்டிபிள் பெயரையே (சாதனத்தின் வகையைச் சொல்லும் சரம்) டிரைவரின் பொருத்தப் பட்டியலிலும் கொடுக்க வேண்டும். கெர்னல் அமைப்பில் செர்டெவ் பஸ், அதன் டிடிஒய் போர்ட் கன்ட்ரோலர் ஆகிய இரண்டும் இயக்கப்பட்டிருக்க வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தால் அந்தப் போர்ட்டுக்குரிய டிடிஒய் கோப்பு மறைந்துவிடும். போர்ட் பழுதாகிவிட்டது என்று பதற வேண்டாம், அது டிரைவரின் கைக்குப் போய்விட்டது என்பதற்கான அடையாளமே அது.

சாதனம் பொருந்தியதும் கெர்னல் அழைக்கும் புரோப் செயற்கூற்றில் வரிசை முக்கியம். நினைவகம், லாக், பஃபர் அனைத்தையும் தயார் செய்து, கால்பேக்குகளை (நிகழ்வு நேரும்போது கெர்னல் அழைக்கும் நம் செயற்கூறுகள்) பதிவு செய்த பிறகே போர்ட்டைத் திறக்க வேண்டும், ஏனெனில் திறந்த கணத்திலிருந்தே பைட்டுகள் வரத் தொடங்கலாம். பாட் வேகம் (பிட்டுகள் செல்லும் வேகம்), பாரிட்டி (பிழை கண்டறியும் பிட்), ஃப்ளோ கன்ட்ரோல் (அனுப்புவதை நிறுத்தித் தொடரும் ஏற்பாடு) ஆகியவற்றைத் திறந்த பிறகுதான் அமைக்க முடியும். வேகம் அமைக்கும் செயற்கூறு உண்மையில் கிடைத்த வேகத்தைத் திருப்பித் தரும். கேட்டதும் கிடைத்ததும் ஒன்றுதானா என்று பார்க்காமல் விடாதீர்கள்.

உண்மையான வேலை பைட்டுகளைப் பெறும் கால்பேக்கில்தான் இருக்கிறது. சீரியல் தடத்தில் பைட்டுகளின் ஓட்டம் மட்டுமே உண்டு, செய்தியின் எல்லை கிடையாது. பிஎம்எஸ்7003 என்ற காற்றுத் துகள் சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள்: அது அனுப்பும் சட்டகம், அதாவது ஒரு முழுச் செய்தி, 32 பைட், பதினறும எண்ணில் 42, 4டி என்ற இரண்டு பைட்டுகளில் தொடங்கி, இரண்டு பைட் நீளப் புலமும் தரவும் வந்து, கடைசி இரண்டு பைட்டுகளில் கூட்டுத்தொகையோடு முடியும். 9600 பாட் வேகத்தில், ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவு பிட்டுகளையும் சேர்த்து 10 பிட் என்பதால், ஒரு சட்டகம் வந்து சேரச் சுமார் 33 மில்லிவினாடி ஆகும். அதற்குள் கால்பேக் பல முறை அழைக்கப்படலாம். ஒரு முறை 5 பைட், மறு முறை 19 பைட் என்று வரலாம்.

எத்தனை பைட்டுகளை ஏற்றுக்கொண்டோம் என்ற எண்ணிக்கையைக் கால்பேக் திருப்பித் தர வேண்டும். முழுச் சட்டகம் சேரும்வரை சுழியத்தைத் திருப்பிக் காத்திருக்கலாம் என்று தோன்றும். ஆனால் மீதிப் பைட்டுகள் அதே பஃபரில் தொடர்ச்சியாக வந்து அமையும் என்ற உறுதி இல்லாததால், ஓட்டமே நின்றுபோகக்கூடும். வந்த அனைத்தையும் சொந்த பஃபருக்கு நகலெடுத்துக்கொண்டு முழு எண்ணிக்கையைத் திருப்புவதே பாதுகாப்பானது. தொடக்கத்தில் 42, 4டி என்ற தலைப்பு பொருந்தாவிட்டால் ஒரே ஒரு பைட்டை மட்டும் தள்ளிவிட்டு மீண்டும் தேட வேண்டும். இரண்டிரண்டாகத் தள்ளினால், ஒற்றைப்படை இடத்தில் தொடங்கும் சட்டகங்கள் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போகலாம். நீளப் புலம் தனக்குப் பின் வரும் பைட்டுகளைச் சொல்வது என்பதால், அதில் 28 அல்லாத எது வந்தாலும் நிராகரியுங்கள், கம்பியில் வந்த எண்ணை நம்பி நகலெடுப்பது கெர்னல் நினைவகத்தைக் கெடுத்துக்கொள்ளும் நேர்வழி.

எழுதுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று காத்திராமல் உடனே திரும்பும். அது கொடுத்ததில் ஒரு பகுதியை மட்டுமே ஏற்கலாம். மற்றொன்று காலவரம்போடு காத்திருக்கும். எழுத மீண்டும் இடம் கிடைத்ததைத் தெரிவிக்கும் ரைட் வேக்கப் கால்பேக்கைப் பதிவு செய்யாவிட்டால் அது பிழையோடு திரும்பும். கட்டளை அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கும் செயற்கூறு ஒரு மியூடெக்ஸைப் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய லாக்) பிடித்திருக்க, பெறும் கால்பேக்கும் அதே மியூடெக்ஸைக் கேட்டால், காலவரம்பு தீரும்வரை இரண்டும் நகராது. இரண்டுக்கும் தனித்தனி லாக் வையுங்கள்.

டிரைவர் நீங்கும்போது, புதிய கட்டளைகள் வரும் வாயிலை அடைத்துவிட்டு, போர்ட்டை மூடி, நிலுவையிலுள்ள வேலைகளை ரத்து செய்து, அதன் பின்னரே நினைவகத்தை விடுவிக்க வேண்டும்.

சட்டகத்தைப் பிரிக்கும் பகுதியை வன்பொருள் தொடர்பில்லாத தனிச் செயற்கூறாக வைத்தால், கெர்னலின் சோதனைச் சட்டமான கேயூனிட்டில் சோதிக்கலாம். ஒவ்வொரு பைட்டாக ஊட்டிப் பாருங்கள், இரண்டு சட்டகங்களை ஒட்டி ஒரே முறையில் ஊட்டிப் பாருங்கள், தரவின் நடுவே 42, 4டி வரும் சட்டகத்தைப் பாதியிலிருந்து கொடுத்து, அடுத்த முழுச் சட்டகத்தை டிரைவர் தவறாமல் பிடிக்கிறதா என்றும் பாருங்கள்.