தஞ்சாவூரிலிருந்து சிதம்பரம் வரை: பாசஞ்சர் ரயிலில் ஒரு நாள்

பலாலியிலிருந்து திருச்சிக்கு விமானமும் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் ஓடத் தொடங்கிய பின்னர், காவிரிக்கரைத் தலங்கள் யாழ்ப்பாணத்தாருக்கு மீண்டும் கிட்டிவந்துவிட்டன. ஆனால் எம்மவரிற் பலர் ஒரு வான் வண்டியைப் பிடித்து, நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே மூச்சில் சுற்றிவிட்டு, எந்தக் கோயிலில் எதைக் கண்டோம் என்ற நினைவே இல்லாமல் ஊர் திரும்புகிறார்கள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகச் சிதம்பரம் வரை செல்லும் ரயில்பாதை ஏறத்தாழ 107 கிலோமீற்றர்தான்; அந்தப் பாதையை நம்பினால் மூன்று பெருங்கோயில்களை ஒரே நாளில் ஆறுதலாகக் காணலாம்.

ரயில் நேரத்தைப் பார்ப்பதற்கு முன்னர், நடை சாத்தும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நண்பகலில் சாத்தப்படும் நடை, பின்னேரம் நான்கு அல்லது ஐந்து மணிக்குத்தான் மீண்டும் திறக்கும். முதன்முறை அம்மாவுடன் சென்றபோது இதை எண்ணாமல் பன்னிரண்டரை மணிக்குச் சிதம்பரத்தில் இறங்கினேன். முழங்கால் வலியோடு அவர் கோபுர நிழலில் மாலைவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மதியப் பொழுதை ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கச் சொல்வது அதனால்தான்.

முதல் நாள் இரவு தஞ்சாவூரில் தங்கி, காலை ஆறு மணிக்கே பெரிய கோயிலுக்குச் சென்றுவிடுங்கள். வெயில் ஏறினால் கருங்கல் தளத்தில் வெறுங்காலுடன் நிற்க முடியாது. 1010ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராசன் கட்டிமுடித்த அக்கோயிலின் விமானத்தை, அதாவது கருவறைமேல் எழும் கோபுரத்தை, அண்ணாந்து பார்த்த பிறகு, குனிந்து அதன் அடித்தளத்தையும் பாருங்கள். வரிவரியாக வெட்டப்பட்ட கல்வெட்டுகள் சுற்றிவரச் செல்கின்றன. ஈழமண்டலத்து ஊர்கள் சிலவற்றின் வருவாய் இக்கோயிலுக்கு விடப்பட்ட செய்தியும் அவற்றுள் உண்டு. சோழர் கால எழுத்தை எம்மால் எளிதில் வாசிக்க முடியாது என்றாலும், காலைச் சாய்வெயிலில் "ட", "ப" போன்ற எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும்போது அடையாளம் தெரியும்.

இனிப் பயணச்சீட்டு. கைத்தொலைபேசியில் முன்பதிவில்லாச் சீட்டு எடுக்கும் செயலிக்கு இந்தியத் தொலைபேசி எண் வேண்டுமாதலால், நிலையத்தின் சாளரத்திலேயே வாங்குவது நல்லது. சில்லறைத் தாள்களைக் கையில் வைத்திருங்கள். "ரிக்கற்", "புகையிரதம்" என்றால் சற்று விழிப்பார்கள். "கும்பகோணத்துக்கு டிக்கெட்" என்று கேட்டு, பாசஞ்சரா எக்ஸ்பிரஸா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாசஞ்சருக்கு எடுத்த சீட்டுடன் எக்ஸ்பிரஸில் ஏறினால் தண்டம் கட்ட நேரிடும். எக்ஸ்பிரஸ் சீட்டுடனும் முன்பதிவுப் பெட்டிகளில் ஏறலாகாது. வண்டிகள் எப்போதும் அடுத்தடுத்து இருப்பதில்லை. முதல் நாள் மாலையே நிலையத்தில் நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வண்டி தப்பினால் இவ்வூர்களுக்கிடையே பஸ் தாராளமாக உண்டு. கடவுச்சீட்டு எந்நேரமும் உடன் இருக்கட்டும்.

கும்பகோணத்தில் இறங்கி, ஓட்டோவில் தாராசுரம் செல்லுங்கள். வாடகையை ஏறுமுன் பேசிவிட வேண்டும். இரண்டாம் இராசராசன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலின் கருவறைப் புறச்சுவரில், அறுபத்துமூன்று நாயன்மார் வரலாறுகள் சாண் அளவுச் சிற்பங்களாக நிரையாகச் செதுக்கப்பட்டுள்ளன. எங்கள் கோயில்களில் குருபூசை நாள்களில் கேட்டு வளர்ந்த கதைகளைக் கல்லில் ஒவ்வொன்றாக இனங்காணும் இன்பத்துக்கு, என்னைக் கேட்டால், இரண்டு மணிநேரமும் போதாது. பிள்ளைகளை அழைத்துச் சென்றால் கதையை நீங்கள் சொல்ல, சிற்பத்தை அவர்கள் தேடட்டும்.

மதிய உணவையும் ஒரு கும்பகோணம் டிகிரி காப்பியையும் முடித்து, சிதம்பரம் செல்லும் வண்டியைப் பிடியுங்கள். சன்னலோர இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். திருநாகேசுவரம், திருவிடைமருதூர், ஆடுதுறை என்று தேவாரத்தில் கேட்ட பெயர்கள் நிலையப் பலகைகளில் வரும்; 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நாதசுரம் செய்யும் நரசிங்கம்பேட்டையும் இதே பாதையில்தான். மயிலாடுதுறையைக் கடந்தால் வைத்தீசுவரன்கோயில், சீர்காழி, பின்னர் கொள்ளிடம் ஆற்றுப் பாலம். வழுக்கையாற்றைத் தவிர வேறு ஆறு காணாத குடாநாட்டவருக்கு, பாலம் முடியும்வரை நீளும் அந்த மணலும் நீரும் வாய்திறக்க விடா.

சிதம்பரத்தில் நடை திறக்கும் வேளைக்கு நீங்கள் சென்றடைந்திருப்பீர்கள். நடராசர் சந்நிதிக்கு முன்னுள்ள மேடையான கனகசபையில் ஏற, நல்லூரிற்போல ஆண்கள் மேலாடை களைய வேண்டும். வேட்டியும் சால்வையும் பையில் இருக்கட்டும். கோபுர வாயிற் சுவர்களில் உள்ள நாட்டியக் கரணச் சிற்பங்களை வெளிச்சம் மங்குமுன் பார்த்துவிடுங்கள். ஆறுமுக நாவலர் 1864இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும் இவ்வூரில்தான் என்பதால், எமக்கு இது வெறும் வேற்றூர் அல்ல.

அன்றிரவே தஞ்சாவூர் திரும்ப முனையாமல் கோயிலுக்கு அண்மையில் அறை எடுத்துத் தங்கினால், இரவுப் பூசையையும் இருந்து கண்டுவிட்டு வரலாம். கப்பலில் திரும்புவோர் மறுநாள் மயிலாடுதுறை, திருவாரூர் வழியாக நாகபட்டினம் செல்லலாம். மாரிகாலத்தில் கடல் கொந்தளித்தால் சேவை நிறுத்தப்படுவதுண்டு, ஆகவே புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.