மரச்சீனி சாப்பிடலாமா? குளுக்கோமீட்டரிடமே கேட்கும் முறை

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் ஒருவருக்குச் சுகர் என்று தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இனி மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) தொடலாமா?" அடுத்தது ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்). அதற்கும் அடுத்தது, "சம்பா அரிசி சிவப்புதானே, அது பரவாயில்லையே?" ஒரே தட்டு மரச்சீனி ஒருவருக்கு ரத்தச் சர்க்கரையை 40 (மி.கி./டெ.லி.) ஏற்றும், இன்னொருவருக்கு 100 ஏற்றும். அதனால் உணவுப் பட்டியலைக் கேட்பதைவிட, விரல் ரத்தத்தில் சர்க்கரை அளக்கும் குளுக்கோமீட்டரை வைத்து வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது நல்லது. 6 நாள், அதில் செருகும் 12 ஸ்ட்ரிப் போதும்.

வேண்டியவை: குளுக்கோமீட்டர், 25 ஸ்ட்ரிப் உள்ள ஒரு டப்பா, விரலில் குத்தும் ஊசிகள், சமையலறை டிஜிட்டல் தராசு, ஒரு நோட்டு. மீட்டரை அதன் விலை பார்த்து வாங்காதீர்கள். மீட்டர் ஒரு தடவைச் செலவு, ஸ்ட்ரிப் மாதாமாதச் செலவு. பக்கத்து மெடிக்கலில் எந்த ஸ்ட்ரிப் எப்போதும் கிடைக்கிறதோ அதற்குரிய மீட்டரே நல்ல மீட்டர். தராசை விட்டுவிடலாமே என்று தோன்றும். விடாதீர்கள். "ரெண்டு துண்டு" என்பது வீட்டுக்கு வீடு மாறும் அளவு.

முதல் படி, அளவு. வேகவைத்து நீர் வடித்த மரச்சீனி 150 கிராம். (அந்த நீரை எப்படியும் கொட்டத்தான் வேண்டும், கிழங்கிலுள்ள சயனைடு தரும் பொருளில் ஒரு பங்கு அதோடு போகிறது.) வெந்த கிழங்கு 100 கிராமில் மாவுச்சத்து 30 கிராமுக்கு மேல் இருக்கும், அதே எடைச் சோற்றில் சுமார் 28. ஆக, மரச்சீனி சோற்றுக்குப் பதில்தான், சோற்றுக்குத் தொடுகறி அல்ல. வழக்கமான மாத்திரையை வழக்கமான நேரத்தில் போடுங்கள். சோதனைக்காக நிறுத்தினால் நீங்கள் அளப்பது வேறெதையோ.

இரண்டாம் படி, கை. பெரும்பாலான தவறான எண்கள் இங்கேதான் பிறக்கின்றன. ஏத்தம்பழம் உரித்த விரலில் குத்தினால், தோலில் ஒட்டிய சர்க்கரையும் ரத்தத்தோடு கலந்து எண்ணை எங்கோ கொண்டுபோகும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது போதாது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, நன்றாகத் துடையுங்கள். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்து எண் குறையும். குத்துவது விரல் நுனியில் அல்ல, ஓரத்தில். நுனியில் வலி அதிகம். ரத்தம் வரவில்லையென்றால் பிதுக்காதீர்கள். திசு நீர் கலந்துவிடும். வெந்நீரில் கழுவி, கையைக் கீழே தொங்கவிட்டு அரை நிமிடம் பொறுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் ஊசிப் பேனாவின் (ஊசியைப் பொருத்திக் குத்தும் கருவி) ஆழ எண்ணை ஒன்று கூட்டுங்கள்.

ஸ்ட்ரிப் எடுத்ததும் டப்பாவை மூடிவிடுங்கள். இரண்டு பருவமழையும் நனைக்கும் ஊர் இது. திறந்து கிடக்கும் ஸ்ட்ரிப் சீக்கிரம் கெடும். ஃபிரிட்ஜிலும் வைக்க வேண்டாம், அடுப்பு மேடையிலும் வேண்டாம். திறந்த தேதியை டப்பாமேல் எழுதுங்கள். திறந்தபின் எத்தனை மாதம் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும்.

மூன்றாம் படி, நேரம். சாப்பிடுவதற்குச் சற்று முன் ஒரு எண். பிறகு முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து 2 மணி நேரம் கழித்து இரண்டாவது எண். கை கழுவி எழுந்த நேரத்திலிருந்து அல்ல. பேசிக்கொண்டே 40 நிமிடம் சாப்பிட்டுவிட்டு அப்புறம் எண்ணத் தொடங்கினால், உச்சம் தாண்டி இறங்கிய எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுவீர்கள். இடையில் கருப்பட்டிக் காப்பியும் கூடாது. கருப்பட்டியில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், வெள்ளைச் சீனியில் இருக்கும் அதே பொருள். பனையிலிருந்து வந்ததால் கணையம் சலுகை காட்டாது.

நான்காம் படி, மாற்றிப் பார்ப்பது. ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டு நாள் மரச்சீனியும் தேங்காய்ச் சம்மந்தியும் (துவையல்). இரண்டு நாள் அதே 150 கிராமோடு சாளை (மத்தி மீன்) கறியும் ஒரு கிண்ணம் பயறுத் தோரனும் (பொரியல்). தோரனையும் மீனையும் முதலில், கிழங்கைக் கடைசியில். இரண்டு நாள் மற்றதை மாற்றாமல் கிழங்கை மட்டும் 100 கிராமாகக் குறைத்து. நோட்டில் ஏற்றத்தை (இரண்டாவது எண்ணில் முதல் எண்ணைக் கழித்தது) மட்டும் ஒப்பிடுங்கள். 152க்கும் 160க்கும் வித்தியாசம் தேடாதீர்கள். சர்க்கரை 100க்கு மேல் இருக்கும்போது மீட்டர் எண் 15 சதவீதம் கூடக்குறைய இருப்பதை மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமே அனுமதிக்கிறது.

கர்ப்பிணிகள் தவிர்த்து, பெரும்பாலான பெரியவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, சாப்பிட்டபின் 180க்குள் என்பது பொதுவான இலக்கு. கர்ப்பத்தில் 2 மணி நேர இலக்கு 120க்குள். அவர்கள் இந்தச் சோதனையைத் தாங்களாகச் செய்ய வேண்டாம். வயதானவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் மருத்துவர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுவே எண்.

பின்னர் சேர்த்தது: "2 மணி நேரத்தில் 165, ஆனால் 3 மணி நேரத்தில் 210, மீட்டர் கெட்டுவிட்டதா?" என்று கேட்கிறார்கள். கெடவில்லை. தேங்காய் அரைத்த மீன்கறியின் கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், உச்சமும் தள்ளிப்போகும். கொழுப்பு மிகுந்த நாளில் மூன்றாம் மணியிலும் ஒரு ஸ்ட்ரிப் செலவழியுங்கள். இதற்காகத்தான் 12 போதுமென்றாலும் 25 வாங்கச் சொன்னது.

இன்சுலின், அல்லது கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் கிழங்கைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்து அப்படியே, மாவுச்சத்து மட்டும் குறைந்தால் சர்க்கரை தாழும். 70க்குக் கீழே போனால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். கூடவே வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தச் சீனி நேரத்துக்கு உதவாது; அந்த மருந்து சீனி உடைவதையே தடுக்கிறது. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பவுடர் ஒரு பாக்கெட் இருக்க வேண்டும், பீரோவில் அல்ல, கைக்கெட்டும் இடத்தில்.