சிச்சுவான் மொறுமொறு பன்றிக்கறி

சீனாவின் சிச்சுவானில் இதற்குப் பெயர் சியாவ் சூ ரோ. கொழுப்போடு சேர்ந்த அரைக் கிலோ பன்றிக்கறியை விரல் பருமனில் நறுக்கித் துணியால் ஒற்றியெடுங்கள். ஈரம் தங்கினால் மாவு எண்ணெயில் கழன்றுவிடும்.

உப்பு, வறுத்துப் பொடித்த சிச்சுவான் மிளகு தலா ஒரு டீஸ்பூன், கொஞ்சம் இஞ்சிச்சாறு சேர்த்துப் பிசறி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். நம் மிளகில் காரம் உண்டு, நாக்கு மரக்காது. சிச்சுவான் மிளகு தரும் அந்த மரப்புதான் இதன் உயிர்.

சர்க்கரைவள்ளி ஸ்டார்ச் 150 கிராமில் 2 முட்டை ஊற்றிக் கட்டியில்லாமல் கரையுங்கள். தஞ்சாவூர், கும்பகோணம் கடைகளில் அது கிடைக்காவிட்டால் மரவள்ளி ஸ்டார்ச் போதும். மைதா மட்டும் வேண்டாம், மெத்தென்று போய்விடும். கறியை அதில் புரட்டி, கடலையெண்ணெயில் 160 டிகிரியில் ஒவ்வொன்றாகப் போட்டு 4 நிமிடம் பொரித்தெடுங்கள். பிறகு 190 டிகிரியில் ஒரு நிமிடம். டெல்டாவின் ஐப்பசி ஈரக்காற்றில் சீக்கிரம் நமுத்துவிடும் என்பதால், இரண்டாம் பொரிப்பை இலை போட்டபிறகே செய்யுங்கள்.