ஆங்கில டென்ஸ்: தமிழ் வினையிலிருந்து பிடியுங்கள்

பன்னிரண்டு கட்டம் போட்ட டென்ஸ் அட்டவணை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மூன்று காலம், ஒவ்வொன்றுக்கும் சிம்பிள், கன்டினியூவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் என்று நான்கு வகை. அட்டவணையில் தப்பில்லை. ஆனால் பேச வாய் திறக்கும்போது மனசில் முதலில் வருவது கட்டம் அல்ல, ஒரு தமிழ் வினை: 'போயிருந்தேன்', 'குடிப்பேன்', 'வரலை'. அதை அப்படியே மாற்றும்போதுதான் கால் இடறுகிறது. இடறும் இடங்கள் எண்ணிவிடக் கூடியவைதான்.

குடிப்பேன்

தமிழில் எதிர்கால வடிவம் பழக்கத்தையும் சொல்லும். 'தினமும் காலையில் காபி குடிப்பேன்' என்றால் நாளைக்குக் குடிக்கப் போவதைச் சொல்லவில்லை. 'சூரியன் கிழக்கே உதிக்கும்', 'வண்டி பத்து மணிக்குக் கிளம்பும்' என்பவையும் அப்படித்தான். ஆங்கிலத்தில் இவை எல்லாமே சிம்பிள் பிரசென்ட்: "ஐ ட்ரிங்க் காஃபி எவ்ரி மார்னிங்", "தி சன் ரைசஸ்", "தி ட்ரெயின் லீவ்ஸ் அட் டென்". இங்கே 'வில்' வேண்டாம்.

'வில்'லைத் தவிர்க்கப் போய், சிலர் "ஐ யூஸ்டு டு ட்ரிங்க் காஃபி" என்பார்கள். அதற்குப் பொருள் 'முன்பு குடித்துக்கொண்டிருந்தேன், இப்போது விட்டாச்சு' என்பது. இன்றும் தொடரும் பழக்கத்துக்கு அது ஆகாது.

வர்றேன், எடுக்கிறேன்

இது நேர் எதிரான சிக்கல். 'நாளைக்கு வர்றேன்' என்று நிகழ்காலத்தில் எதிர்காலத்தைச் சொல்கிறோம். "ஐ கம் டுமாரோ" என்றால் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். ஏற்கெனவே முடிவான ஏற்பாடு என்றால் "ஐ ஆம் கமிங் டுமாரோ". அந்த நிமிடத்தில் முடிவெடுத்தால் 'வில்'. போன் மணி அடிக்கிறது, 'இரு, நான் எடுக்கிறேன்' என்கிறீர்கள். அது "ஐ வில் கெட் இட்".

'போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன்' என்பதில் இரண்டு வினையும் இனிமேல் நடப்பவை. அதனால் "வென் ஐ வில் ரீச்" என்று சொல்லத் தோன்றும். வென், இஃப், ஆஃப்டர், அன்டில் இவற்றுக்குப் பின்னால் வரும் வினை சிம்பிள் பிரசென்டில் நிற்கும். 'வில்' மற்றப் பாதியில் மட்டும்: "ஐ வில் கால் யூ வென் ஐ ரீச் ஹோம்". தமிழ் இங்கே துணைக்கு வருகிறது. 'சேர்ந்ததும்', 'வந்தால்' என்ற சொற்களில் எதிர்காலக் குறி ஏதாவது இருக்கிறதா? இல்லையே.

போயிருக்கேன்

அதிகம் அடிபடுவது இங்கேதான். இன்டர்வியூவில் பலர் வாயிலிருந்து வரும் முதல் வரி: "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை பி.இ. இன் 2021". 'முடிச்சிருக்கேன்' என்பதன் நேர் பெயர்ப்பு. தமிழில் '2021-ல முடிச்சிருக்கேன்' என்பது சகஜம். ஆங்கிலத்தில் முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' அங்கே உட்காராது. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 2021 இவற்றில் ஒன்று இருந்தால் சிம்பிள் பாஸ்ட்: "ஐ கம்ப்ளீட்டட் மை பி.இ. இன் 2021", "ஐ சென்ட் தி மெயில் யெஸ்டர்டே". எப்போது என்பது முக்கியமில்லை, விளைவுதான் இப்போது முக்கியம் என்றால் 'ஹேவ்': "ஐ ஹேவ் சென்ட் தி மெயில்". அதாவது மெயில் உங்கள் இன்பாக்ஸில் இருக்கிறது, பாருங்கள். ("ஐ ஆல்ரெடி ஏட்" போன்றவற்றை அமெரிக்கர்கள் 'ஹேவ்' இல்லாமலே சொல்வார்கள், அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.)

'டெல்லி போயிருக்கார்' என்பதற்குத் தமிழில் இரண்டு பொருள். போய் அங்கேயே இருக்கிறார் என்றால் "ஹி ஹேஸ் கான் டு டெல்லி". எப்போதோ போய்விட்டு வந்தவர் என்றால் "ஹி ஹேஸ் பீன் டு டெல்லி". எதிரே உட்கார்ந்துகொண்டு "ஐ ஹேவ் கான் டு டெல்லி" என்று சொன்னால், டெல்லியில் இருக்க வேண்டியவர் இங்கே எப்படி என்று கேட்கத் தோன்றும்.

'ஹேவ்' வந்தால் வினையின் மூன்றாம் வடிவம் வேண்டும். கோ-வென்ட்-கான், சீ-சா-சீன், ரைட்-ரோட்-ரிட்டன். 'கம்' ஒன்றில் ஏமாந்துபோவார்கள்: கம்-கேம்-கம். அதனால் "ஹி ஹேஸ் கேம்" தப்பு, "ஹி ஹேஸ் கம்" சரி.

மூணு வருஷமா இருக்கேன்

இங்கே தமிழில் நிகழ்காலம். அதனால்தான் "ஐ ஆம் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" வருகிறது. ஒரே வரியில் இரண்டு தப்பு. அன்று தொடங்கியது இன்றும் ஓடுகிறது என்றால் 'ஹேவ்' வேண்டும்: "ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்". ஃபாரா சின்ஸா என்ற குழப்பத்துக்குத் தமிழ் விகுதியே விடை சொல்லும். 'மூணு வருஷமா' என்று 'ஆ'வில் முடிந்தால் ஃபார். '2019-லேர்ந்து' என்று 'லேர்ந்து' வந்தால் சின்ஸ்.

"ஐ ஒர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்றால் அந்த வேலையை விட்டுவிட்டீர்கள். "ஐ ஹேவ் ஒர்க்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்றால் இன்னும் அங்கேதான். இன்டர்வியூவில் இதை மாற்றிச் சொன்னால் அடுத்த கேள்வியே நோட்டீஸ் பீரியட் பற்றித் தடம் மாறிப்போகும்.

'ரெண்டு பைக் வச்சிருக்கேன்' என்பது "ஐ ஹேவ் டூ பைக்ஸ்" மட்டுமே, "ஐ ஆம் ஹேவிங் டூ பைக்ஸ்" கிடையாது. "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" சரி, ஏனென்றால் சாப்பிடுவது ஒரு செயல்; சொந்தமாக இருப்பது ஒரு நிலை. நோ, லைக், வான்ட் இவற்றையும் இதே காரணத்துக்காக 'இங்' போட்டுச் சொல்வது வழக்கமில்லை.

போயிருந்தேன்

'போன வாரம் மதுரை போயிருந்தேன்' நல்ல தமிழ். "ஐ ஹேட் கான் டு மதுரை லாஸ்ட் வீக்" என்று தனி வரியாக நின்றால், கேட்பவர் மீதிக் கதைக்காகக் காத்திருப்பார். "ஐ வென்ட் டு மதுரை லாஸ்ட் வீக்" போதும். 'ஹேட்' வேண்டியது இரண்டு பழைய நிகழ்ச்சிகளில் முந்தையதைக் காட்டத்தான். "வென் ஐ ரீச்ட் தி ஸ்டாண்ட், தி பஸ் ஹேட் லெஃப்ட்": நான் போவதற்கு முன்பே பஸ் போயாச்சு. 'ஹேட்' இல்லாமல் "தி பஸ் லெஃப்ட்" என்றால் நான் போய்ச் சேர்ந்ததும் கண் முன்னே கிளம்பியது என்று படும். நடந்த வரிசையிலேயே சொன்னால் 'ஹேட்' தேவையே இல்லை: "ஐ ஏட் அண்ட் லெஃப்ட்".

வரலை

தமிழ் எதிர்மறை பல நேரம் காலத்தை விழுங்கிவிடும். 'மேனேஜர் வரலை' என்பது நேற்று வரவில்லை என்றால் "டிட் நாட் கம்", இன்னும் வரவில்லை என்றால் "ஹேஸ் நாட் கம் யெட்", நாளை மீட்டிங்குக்கு வருவதாக இல்லை என்றால் "இஸ் நாட் கமிங்". எதிர்மறை சொல்லும் முன், அதே செய்தியை உடன்பாட்டில் நினைத்துப் பாருங்கள்: வந்தாரா, வந்திருக்காரா, வர்றாரா? காலம் தானாகத் தெரிந்துவிடும்.

'டிட்' வந்ததும் காலம் அதிலேயே ஏறிவிட்டது. வினை முதல் வடிவத்துக்குத் திரும்பும். "டிட் யூ வென்ட்" கிடையாது, "டிட் யூ கோ".

பழக இப்படிச் செய்யுங்கள். ஆபீஸ் குரூப்பில் நீங்கள் கடைசியாக அனுப்பிய பத்து ஆங்கில மெசேஜ்களை எடுத்து, வினைகளை அடிக்கோடிடுங்கள். 'ஹேவ்' உள்ள வரியில் முடிந்துபோன தேதியோ கிழமையோ இருந்தால் 'ஹேவ்'வை எடுத்துவிட்டு வினையை இரண்டாம் வடிவத்துக்கு மாற்றுங்கள். 'ஹேட்' உள்ள வரியில் அதற்குப் பின் நடந்த இன்னொரு பழைய சம்பவம் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். 'எவ்ரி டே'யோடு 'வில்' வந்திருந்தால் அது பழக்கமா, இனிமேல் தொடங்கப் போவதா என்று பார்த்து, பழக்கமென்றால் 'வில்'லை வெட்டுங்கள்.