கேடயச் சின்னத்தைப் படிக்கும்போது செய்யும் தவறுகள்

இங்கிலாந்தில் தனிமனிதர்களுக்கு வழங்கும், கேடயத்தில் வரையப்படும் 'கோட் ஆஃப் ஆர்ம்ஸ்' சின்னத்தை நாம் குலச்சின்னம் என்று சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. அது ஒரு குடும்பப் பெயருக்குச் சொந்தமில்லை; குறிப்பிட்ட ஓர் ஆளுக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும்தான் சொந்தம். பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் இன்னொருவர் அதைத் தன்னுடையது என்று சொல்ல முடியாது. அங்கே சின்னம் வழங்குவது 1484-இல் தொடங்கிய காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்ற அரச அமைப்பு. பெயரைச் சொன்னதும் சின்னம் அச்சடித்துத் தரும் நினைவுப்பொருள் கடைகளை நம்பாதீர்கள்.

இதைவிடப் பெரிய தவறு, அகராதி வைத்துப் படிப்பது. சிவப்பு என்றால் வீரம், நீலம் என்றால் விசுவாசம் என்று பட்டியல்கள் சுற்றுகின்றன. பிரிட்டன் இளவரசர் வில்லியமை மணந்த கேட் மிடில்டனின் குடும்பத்துக்கு 2011-இல் கிடைத்த சின்னத்தில் அந்த இரண்டு நிறங்களும் உண்டு. ஆனால் அவை பிரிட்டன் கொடியின் நிறங்கள், அவ்வளவுதான். மூன்று ஓக் காய்கள் வீட்டின் மூன்று பிள்ளைகள். ஓக், அவர்கள் வளர்ந்த பெர்க்‌ஷயர் பகுதியில் நிறைந்திருக்கும் மரம். நடுவில் கூரைபோல் நிற்கும் தங்கப் பட்டை, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரான கோல்ட்ஸ்மித். எந்தப் பட்டியலைப் புரட்டினாலும் இது கிடைக்காது. அந்த வீட்டுக் கதை தெரிய வேண்டும். எனக்கு இந்தக் கலை பிடித்ததே இதனால்தான்.

பெயரை உரக்கச் சொல்லிப் பார்க்க மறப்பதும் ஒரு தவறு. ஷேக்ஸ்பியரின் தந்தைக்காக 1596-இல் வரையப்பட்ட சின்னத்தில் ஈட்டி இருப்பது போர்ப் பெருமைக்காக அல்ல. 'ஷேக்' என்றால் அசை, 'ஸ்பியர்' என்றால் ஈட்டி. தங்கக் கேடயத்தில் அந்தத் தங்க ஈட்டி ஏன் கறுப்புப் பட்டையின்மேல் கிடக்கிறது? கறுப்பு துக்கமா? இல்லை. தங்கத்தின்மேல் தங்கத்தையோ வெள்ளியையோ வைக்கக் கூடாது, அடர்நிறத்தின்மேல் அடர்நிறமும் கூடாது என்பது விதி. தூரத்திலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரிய வேண்டுமே!

அப்புறம், இடம் வலம். கேடயத்தை ஏந்தி நிற்பவரின் வலதுதான் வலது. நமக்கு அது இடப்பக்கம். இடப்பக்கம் தொடங்கும் சாய்ந்த பட்டை முறைகேடான பிறப்பின் அடையாளம் என்று பலர் நம்புகிறார்கள்; இது தெரியாமல் பட்டையை இடம் வலம் மாற்றிப் படித்து, 'முறைகேடாகப் பிறந்தவர்' என்று முடிவு கட்டுகிறார்கள். பட்டை உண்மையிலேயே இடப்பக்கம் தொடங்கினாலும், அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது.