கோடைக் காற்றுக்கு ஒரு கூடாரம்: கொலம்பியா கோர்ஜில் முதல் விண்ட்சர்ஃபிங் பயணம்

ஜூன் மாதச் சனிக்கிழமை. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், போர்ட்லாண்டை அடுத்த ஹில்ஸ்பரோவில் காலை ஏழு மணிக்குத் தூறிக்கொண்டிருந்தது. காரின் மேல் பலகையைக் கட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "இந்த மழையில் ஆற்றுக்கா?" என்று பக்கத்து வீட்டு நண்பர் கேட்டார். மழை இருப்பதால்தான் போகிறேன் என்றேன். நான் வேடிக்கைக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்தார். ஒன்றரை மணி நேரம் கிழக்கே ஓட்டிப் போய் ஹூட் ரிவரில் இறங்கினால் வெயில் கண்ணைக் கூசியது. ஆறு முழுக்க வெண்நுரை.

போர்ட்லாண்ட் பக்கம் வசிக்கும் நம்மவர்கள் மல்ட்னோமா அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அங்கிருந்து இன்னும் அரை மணி நேரம் ஓட்டினால், விண்ட்சர்ஃபிங் (பாய் பொருத்திய பலகைமேல் நின்று காற்றில் ஓடும் நீர் விளையாட்டு) ஆடுகிறவர்கள் உலகம் முழுவதிலுமிருந்து தேடி வருகிற ஊர். இரண்டு நாள் தங்கி இதைக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: காற்று ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கேஸ்கேட் மலைத்தொடரை ஏறக்குறையக் கடல் மட்டத்திலேயே அறுத்துக்கொண்டு போகும் ஒரே பிளவு, கோர்ஜ் என்று அழைக்கப்படும் கொலம்பியா ஆற்றின் பள்ளத்தாக்கு. நீளம் சுமார் 130 கிலோமீட்டர். தென்கரை ஒரேகான் மாநிலம், வடகரை வாஷிங்டன் மாநிலம். கோடையில் மேற்கே பசிபிக்கின் குளிர்ந்த கனமான காற்று மேகத்தோடு வந்து தேங்கி நிற்கும். கிழக்கே வறண்ட நிலம் கொதிக்கும். அங்கே சூடான காற்று மேலெழ, மேற்கிலிருக்கும் குளிர்காற்று இந்த ஒற்றைச் சந்து வழியாக இழுக்கப்படும். போர்ட்லாண்டில் தூறலும் கிழக்கே தி டாலஸ் ஊரில் வெயிலும் இருந்தால் இடையில் காற்று இருக்கும். போர்ட்லாண்டே வெந்துபோகும் நாட்களில் இரு பக்கமும் சமமாகிவிடுவதால் ஆறு எண்ணெய் மாதிரி கிடக்கும். வெயில் கொளுத்துகிறதே என்று கிளம்பி, கரையில் உட்கார்ந்து தர்பூசணி தின்றுவிட்டுத் திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு.

தமிழில் மேற்கிலிருந்து வீசும் காற்றுக்குக் கோடை என்றே பெயர்; வெயில் காலத்துக்கும் அதே சொல். இந்தப் பள்ளத்தாக்கைப் போல அந்தச் சொல் பொருந்தும் ஊரை நான் பார்த்ததில்லை. குளிர்காலத்தில் இங்கே காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து வீசும். நம் கொண்டல் மழை கொண்டுவரும். இந்த ஊர்க் கொண்டல் எலும்பைத்தான் குடையும். புதியவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ஜூன் இறுதி முதல் ஆகஸ்ட் வரை உங்கள் பருவம்.

ஆறு மேற்கே ஓடுகிறது, காற்று கிழக்கே வீசுகிறது. இரண்டும் மோதுவதால் ஆற்றிலேயே கடல் போல அலை எழும்புகிறது. தேர்ந்தவர்கள் இதற்காகத்தான் வருகிறார்கள். புதியவரைக் கவிழ்ப்பதும் இதே அலைதான். ஆனால் ஓர் அனுகூலமும் உண்டு: காற்று உங்களைக் கிழக்கே தள்ளும்போது நீரோட்டம் கொஞ்சமாவது எதிர்ப்பக்கம் இழுக்கிறது. தூத்துக்குடியில் மீனவர்கள் நீரோட்டத்தை நீவாடு என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு ஒரேகானில்தான் விளங்கியது.

முதல் நாளுக்கு 6 முதல் 12 நாட் காற்று போதும், அதாவது மணிக்கு 11 முதல் 22 கிலோமீட்டர். இங்கே கோடைப் பிற்பகலில் 20 நாட் வேகத்தைத் தாண்டுவது சாதாரணம். எனவே காலையில் இறங்குங்கள். செயலியைத் திறக்காமலே பார்க்க ஒரு வழி: ஆற்றின் நடுவில் வெண்நுரை பரவலாகத் தெரிந்தால் அது உங்களுக்கான நேரம் இல்லை.

படி 2: கரையேறும் இடத்தை முதலில் தேடுங்கள்

எல்லோரும் "எங்கே இறங்கலாம்" என்றுதான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

ஹூட் ரிவர் ஊரின் ஆற்றோரத்தில் ஈவென்ட் சைட் என்று ஒரு திடல் இருக்கிறது. பாய் விரித்துக் கட்டப் பசும்புல், பக்கத்திலேயே கார் நிறுத்தம் (கோடையில் கட்டணம் உண்டு), கழிப்பறை, காபி. இதைவிட வசதியான இடம் கிடையாது என்று என் முதல் கோடையில் அங்கே இறங்கினேன். பத்தே நிமிடத்தில் காற்று என்னைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போய், ஹூட் ஆறு கலக்கும் முகத்துவாரத்து மணல் திட்டில் சேர்த்தது. முழங்கால் ஆழம்தான். பலகையின் அடித்துடுப்பு மணலில் சிக்கி நின்றது. நான் நிற்காமல் பாய்க்கு மேல் பறந்து விழுந்தேன். பிறகு பாயை அவிழ்த்துச் சுருட்டிப் பலகைமேல் வைத்து, இடுப்பளவு தண்ணீரில் எதிர்க்காற்றில் இழுத்துக்கொண்டு திரும்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் ஓடும் கைட் சர்ஃபிங் ஆடுகிறவர்கள் தலைக்கு மேலே கயிறுகளோடு விர் விர்ரென்று போய்க்கொண்டிருந்தார்கள். அந்தத் திட்டு அவர்களுடைய களம்.

அன்றிலிருந்து எந்தக் கரைக்குப் போனாலும் சாமானை இறக்கும் முன் ஒரு வேலை செய்கிறேன். காற்று போகும் திசையில் கரையோரமாகப் பத்து நிமிடம் நடக்கிறேன். தள்ளப்பட்டால் எங்கே ஒதுங்குவேன்? அங்கே மணலா, பாறையா, ரயில் பாதைக்குக் கொட்டிய கூர்கல்லா? ஏறி வந்தால் நடக்கப் பாதை இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகுதான் பாய் விரிப்பது.

அந்தக் கண்ணோடு பார்த்தால் கரைகள் வேறு விதமாகத் தெரியும். ஈவென்ட் சைட்டுக்கு மேற்கே ஹூக் என்ற இடம் இருக்கிறது. தூண்டில் முள் போல வளைந்த ஒரு கரை, அதற்குள் அடங்கிய சின்ன நீர்ப்பரப்பு. ஆற்றின் பெரிய அலை உள்ளே வருவதில்லை. மேசைமேல் வைத்த தட்டு மாதிரி தண்ணீர் இருக்கும். காற்று கொஞ்சம் விட்டு விட்டு அடிக்கும், பாறைக் கரையில் காலணி இல்லாமல் நடக்க முடியாது. ஆனாலும் புதியவருக்கு இதைத்தான் சொல்வேன். பயிற்சி வகுப்புகளும் இங்கே நடக்கின்றன.

எதிர்க்கரையில் மீன் வளர்ப்பு நிலையத்தை ஒட்டிய ஹேச்சரி, கிழக்கே டக்ஸ் பீச், ஜான் டே அணைக்குக் கீழே ரூஃபஸ் ஆகியவற்றின் படங்களைப் பார்த்து ஆசைப்படுவீர்கள். அவை அலைக்குப் பேர்போன இடங்கள். போய் வேடிக்கை பாருங்கள், இறங்காதீர்கள். டக்ஸ் பீச்சில் ஆற்றை அடைய ரயில் பாதையை நடந்து கடக்க வேண்டும். காற்றில் பலகையும் பாயும் கையில் இருக்கும்போது ரயில் சத்தம் காதில் விழாமல் போகலாம்.

இன்னொன்று. ஆற்றோரத்தில் அழகான படகுத்துறையும் புல்வெளியும் காலியாக இருப்பதைப் பார்த்துக் காரைத் திருப்பாதீர்கள், முதலில் அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். யாகமா, உமாட்டில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ் ஆகிய நான்கு பழங்குடியினருக்கு 1855 உடன்படிக்கைகளின்படி இந்த ஆற்றில் மீன்பிடி உரிமை உண்டு. அணைகள் அவர்களுடைய பழைய மீன்பிடித் துறைகளை மூழ்கடித்தன. பெயர்பெற்ற செலைலோ அருவி 1957இல் தி டாலஸ் அணை நீருக்குள் போயிற்று. அதற்கு ஈடாக ஒதுக்கப்பட்ட துறைகள் அவை. நமக்கானவை அல்ல. ஆற்றில் வலை மிதவைகளைக் கண்டாலும் விலகிப் போங்கள்.

படி 3: கூடாரம் போடும் இடம்

தண்ணீர் ஓரமாகவே கூடாரம் வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. பாய் கட்டுவதற்கு நல்ல காற்று, தூங்குவதற்கு நல்ல காற்று இல்லை. இந்த ஊரில் இதை ஓர் இரவிலேயே கற்றுக்கொள்ளலாம்.

ஹூட் ரிவருக்குச் சற்று மேற்கே வியென்டோ மாநிலப் பூங்கா. ஸ்பானிய மொழியில் வியென்டோ என்றால் காற்று. ஆனால் பெயர் வந்த கதை வேறு: ரயில்வேயோடு தொடர்புடைய மூன்று பேரின் பெயர்களிலிருந்து இரண்டிரண்டு எழுத்தாக எடுத்துச் சேர்த்தது. அந்த ரயில் இன்றும் விடுவதில்லை. நள்ளிரவில் சரக்கு வண்டி ஊதிக்கொண்டு போகும்போது கூடாரமே எழுந்து உட்காரும். காதடைப்பான் எடுத்துப் போங்கள். மற்றபடி ஊருக்குப் பக்கம், மரநிழல், ஆறும் அருகில்.

கிழக்கே இருக்கும் மெமலூஸ் பூங்காவுக்கு I-84 நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிப் போகும்போது மட்டும்தான் திரும்ப முடியும். போர்ட்லாண்டிலிருந்து போகிறவர்கள் அதைத் தாண்டிப் போய், அடுத்த வாயிலில் திரும்பி வர வேண்டும். நான் இரண்டு முறை தவறவிட்டிருக்கிறேன்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஊருக்குத் தெற்கே டக்கர் பூங்காவைச் சொல்வேன். கொலம்பியா அல்ல, ஹூட் ஆற்றின் கரை. மரங்களுக்கு நடுவே ஒடுங்கிய இடம் என்பதால் காற்று அவ்வளவாக வராது. இரவெல்லாம் ஆறு கற்களில் உரசும் சத்தம். காலையில் ஹூக்குக்குப் பதினைந்து நிமிடம்.

கூடாரத்திலிருந்தே தண்ணீரில் இறங்க வேண்டுமானால் வாஷிங்டன் கரையில் மேரிஹில் மாநிலப் பூங்கா இருக்கிறது. அகன்ற புல்வெளி, பூங்காவுக்குள்ளேயே இறங்கும் துறை. மேட்டில், முதல் உலகப் போரில் இறந்த உள்ளூர் வீரர்களின் நினைவாக ஸ்டோன்ஹெஞ்சைப் போலவே கான்கிரீட்டில் கட்டிய சின்னம் ஒன்று உண்டு. காற்றில்லாத நாளில் போய் வரலாம். ஆனால் அங்கே ஆறு அகலம், வெயில் கடுமை, பிற்பகல் காற்று முரடு. இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரேகான் பூங்காக்களில் ஆறு மாதம் முன்பே இடம் பதியலாம். கோடை வார இறுதிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஞாயிறு இரவு முதல் செவ்வாய் வரை என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள், கிடைக்கும். போன பின் மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். அவை கிழக்கே சாய்ந்திருக்கும். கூடாரத்தின் வாசலையும் கிழக்கே வையுங்கள். கோடையில் நெருப்புக்குத் தடை வருவது வழக்கம், 2017இல் ஈகிள் கிரீக் தீ இந்தப் பள்ளத்தாக்கைக் கருக்கியதை இங்கே யாரும் மறக்கவில்லை. சமையலுக்கு வாயு அடுப்பு எடுத்துப் போங்கள். புளியோதரை இருந்தால் அதுவும் வேண்டாம்.

படி 4: சாமான்

முதல் தடவை எதையும் வாங்காதீர்கள். ஹூட் ரிவரில் வாடகைக்குக் கிடைக்கும். 180 லிட்டருக்குக் குறையாத அகலப் பலகை, நடுவில் இறக்கி ஏற்றும் துடுப்பு உள்ளதாகக் கேளுங்கள். பாய் 3 முதல் 4 சதுர மீட்டர். மிதவை உடுப்பு, காலணி, உடலோடு ஒட்டும் வெட்சூட் கட்டாயம். ஜூனில்கூட இது மலைப்பனி உருகிய தண்ணீர். மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்கள். என்னுடையது ஒன்று ஆற்றின் அடியில் இருக்கிறது.

படி 5: தண்ணீரில் முதல் ஒரு மணி நேரம்

கட்டிய பாயைக் கரையில் வைக்கும்போது பாய்மரம் காற்று வரும் பக்கம் இருக்கட்டும். இல்லாவிட்டால் காற்று அடியில் புகுந்து அதைத் தூக்கிப் பக்கத்துக் கார்மேல் போடும்.

தொடை ஆழத்துக்குப் போங்கள். பலகை காற்றுக்குக் குறுக்காக, பாய் காற்று போகும் பக்கம் தண்ணீரில் கிடக்க வேண்டும். மண்டியிட்டு ஏறி, பாய்மரத்தின் அடிக்கு இருபுறமும் கால் வைத்து எழுந்து நில்லுங்கள். கயிற்றைப் பிடித்துப் பாயைத் தூக்குவதில்தான் எல்லோருக்கும் இடுப்பு போகும். கிணற்றில் வாளி இழுப்பது போலக் குனிந்து இழுக்காதீர்கள். முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, உடல் எடையைப் பின்னால் சாய்த்தால் போதும், பாயிலிருந்து தண்ணீர் வடிய வடிய அது தானே எழும். முழுதும் எழுந்ததும் ஒரு கையால் பாய்மரத்தைப் பிடித்து மூச்சு விடுங்கள். பாய் கொடி போலப் படபடக்கும், இழுக்காது. இதுதான் நீங்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரக்கூடிய நிலை.

பிறகு பாயைக் குறுக்குக் கழியில் பிடித்து மெல்ல உள்ளே இழுங்கள், பலகை நகரும். பாயை முன்னால் சாய்த்தால் பலகையின் முனை காற்றை விட்டு விலகும், பின்னால் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். வேறு சுக்கான் கிடையாது. பயம் வந்தால் கழியில் வைத்த பின்கையை விடுங்கள். அவ்வளவுதான், நின்றுவிடும். முதல் நாளில் நேராகப் போய் நேராகத் திரும்பி வந்தாலே பெரிய காரியம்.

படி 6: திரும்ப முடியாவிட்டால்

பலகையை விட்டு நீந்தாதீர்கள். கரை அருகில் தெரியும், இருக்காது. பாயைப் பலகையின் பின்பக்கம் படுக்கவைத்து, நீங்கள் குப்புறப் படுத்துக் கையால் துழாவி, குறுக்காகக் கரைக்கு வாருங்கள். முடியாவிட்டால் இரு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டுங்கள், பிறர் வருவார்கள்.

ஹூக்கை விட்டு வெளி ஆற்றுக்கு வரும் நாள் வந்தால் சரக்குப் படகுகள் நினைவிருக்கட்டும். கோதுமை ஏற்றிய தெப்பங்களை இழுவைப் படகு ஒன்று தள்ளிக்கொண்டு வரும். மெதுவாக வருவது போலிருக்கும்; ஆனால் அந்தப் படகால் நிற்கவும் முடியாது, விலகவும் முடியாது. ஐந்து குறும் ஊதல் கேட்டால் அது ஆபத்து எச்சரிக்கை, பெரும்பாலும் உங்களுக்குத்தான்.

கிளம்பும்போது பலகையில் ஒட்டிய பாசியைக் கரையிலேயே கழுவி விடுங்கள், அடுத்த ஏரிக்கு அது போகக் கூடாது. வெட்சூட்டை மூடிபோட்ட வாளியில் வையுங்கள். காரின் பின்னிருக்கையில் அப்படியே போட்டுவிட்டு வந்தால், திங்கட்கிழமை அலுவலகத்துக்கு உங்களோடு காரில் வரும் நண்பர் ஒன்றும் சொல்ல மாட்டார், கண்ணாடியை மட்டும் முழுதாக இறக்கி வைப்பார்.