வயதான ஆய்வகச் சுண்டெலியைக் கவனிப்பது எப்படி?

வாளையாறு தாண்டி பாலக்காட்டுப் பக்கம் விலங்கு ஆய்வகத்துக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது: 18 மாதம் தாண்டிய சுண்டெலி விநோதமாக ஏதாவது செய்தால் உடனே 'மறதிநோய்' என்று எழுதிவிடாதீர்கள்.

காதைப் பாருங்கள். ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கும் சி57 பிளாக் 6 இன எலிகளுக்கு வயதானால் காது மந்தமாகும். கதவைப் படாரென்று சாத்தியும் அது திரும்பவில்லையா? மூளையைக் குறை சொல்ல அவசரம் வேண்டாம். அப்புறம் கண். சில கலப்பு இனங்களில் விழித்திரை சிதையும் மரபணு உண்டு. நினைவாற்றல் சோதனைக்காக அப்படிப்பட்ட எலியைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டால், சுவரிலுள்ள அடையாளங்களைப் பார்த்து நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையை எப்படித் தேடும்?

எலி தன் அன்றாட வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்க்க எனக்கு நம்பிக்கை கூடு கட்டும் சோதனைதான். செலவே இல்லை. விளக்கு அணைய ஒரு மணி நேரம் முன்பு எலியைத் தனிக்கூண்டில் விட்டு, அழுத்திய பஞ்சுத்துண்டு 3 கிராம் வையுங்கள். காலையில் 1 முதல் 5 வரை மதிப்பெண். பஞ்சைத் தொடவே இல்லையென்றால் 1. சுவர் எழுப்பிக் கிண்ணம்போலக் கட்டியிருந்தால் 5. பிய்க்காத பஞ்சையும் எடை போடுங்கள். எங்கள் பக்கத்து ஏப்ரல் புழுக்கத்தில் ஏசி நின்றால் நல்ல எலிக்குக்கூடக் கூடு கட்ட மனசு வராது. அதனால் அறை வெப்பத்தையும் பக்கத்திலேயே குறியுங்கள்.

வட்டமடித்தால் உள்காது கெட்டிருக்கலாம். திடீரென உறைந்து நின்றாலோ துள்ளினாலோ, மொபைலில் படம் பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அமிலாய்டு எலிகளுக்கு (அல்சைமர் ஆய்வுக்காக, மூளையில் அமிலாய்டு புரதம் படியும்படி மரபணு மாற்றியவை) வலிப்பு வருவதுண்டு. மீசை மட்டும் மழிந்திருந்தால் சரி, அது பெரும்பாலும் கூண்டுத் தோழியின் வேலை.